தொழில்நுட்பம் கைமாறுவதைக் கண்காணிக்க உளவு அமைப்புகள் ஆளையும் பணத்தையும் எங்கே போடுகின்றன?

கரிசல்மணி

உளவு அமைப்புகள் தங்கள் பணத்தை எந்தெந்த வேலைக்குப் பிரிக்கின்றன என்ற கணக்கு சாதாரணமாக வெளியே வராது. 2013 ஆகஸ்டில் வந்தது. அமெரிக்க உளவு அமைப்பு ஒன்றில் ஒப்பந்த ஊழியராக இருந்த எட்வர்ட் ஸ்னோடன் எடுத்து வந்த ஆவணங்களிலிருந்து அமெரிக்காவின் ரகசிய உளவு பட்ஜெட்டை வாஷிங்டன் போஸ்ட் வெளியிட்டது. அந்த நிதியாண்டுக்கு மொத்தம் 5,260 கோடி டாலர். அதை ஐந்து நோக்கங்களாகப் பிரித்திருந்தார்கள். உலக நிலவரம் பற்றி ஆட்சியாளர்களை எச்சரிப்பதற்கு 39 விழுக்காடு, பயங்கரவாதத்துக்கு எதிராக 33, ஆபத்தான ஆயுதங்கள் பரவாமல் தடுக்க 13, இணையவழி நடவடிக்கைகளுக்கு 8, எதிரி உளவாளிகளை முறியடிக்க 7.

தொழில்நுட்பம் வெளிநாட்டுக்குப் போவதைக் கண்காணிப்பதற்கு அதில் தனி வரி கிடையாது. அந்த வேலை கொஞ்சம் ஆயுதப் பரவல் தடுப்பில் இருக்கிறது, கொஞ்சம் எதிர் உளவில் இருக்கிறது. மீதி உளவுத் துறைக்கே வெளியே, சுங்கத் துறையிலும் வணிகத் துறையிலும் கிடக்கிறது. நாலு வீட்டுக்குப் பொதுவான கிணறு மாதிரி. தண்ணீர் எல்லோருக்கும் வேண்டும், தூர் வார ஆள் கிடையாது.

என் கருத்தை இப்போதே சொல்லிவிடுகிறேன். கடந்த ஐம்பது ஆண்டுகளில் பெரிய கசிவுகளை வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தவர்கள் பெரும்பாலும் உள்ளே இருந்த மனிதர்கள். அவர்கள் சொன்னதைக் கேட்டு, இது எந்த இயந்திரம், எதற்குப் பயன்படும் என்று புரிந்துகொள்ளத் தெரிந்த பொறியாளர்கள் இருந்த இடத்தில்தான் அந்தத் தகவல் பயன்பட்டது. பணமும் ஆளும் இந்த இரண்டு இடத்துக்கும் குறைவாகத்தான் போயிருக்கின்றன. மறுப்பவர்கள் மறுக்கலாம், பேசுவோம்.

வண்டலூர் பிரபா

அண்ணா, ஒரு அடிப்படைக் கேள்வி. எதைக் கண்காணிப்பது, எதை விடுவது என்று யார் முடிவு செய்கிறார்கள்? சி.ஐ.ஏ. தலைவர் உட்கார்ந்து எழுதுவாரா?

கரிசல்மணி

அவர் ஒருவர் மட்டும் எழுதுவதில்லை, பிரபா. 1995இல் கிளிண்டன் ஓர் உத்தரவு போட்டு உளவு இலக்குகளை அடுக்கடுக்காக வரிசைப்படுத்தினார். 2003இல் அதன் இடத்தில் கட்டங்கள் போட்ட ஒரு பெரிய அட்டவணை வந்தது. ஒரு பக்கம் நாடுகளும் குழுக்களும், இன்னொரு பக்கம் தலைப்புகள். ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு முன்னுரிமை எண். ஒரு நாடும் ஒரு தலைப்பும் சந்திக்கும் கட்டத்தில் உயர்ந்த எண் விழுந்தால், செயற்கைக்கோள் நேரம், மொழிபெயர்ப்பாளர், களத்தில் ஆள் எல்லாம் அந்தப் பக்கம் நகரும்.

இந்த ஏற்பாட்டில் தொழில்நுட்பக் கசிவு மாட்டிக்கொள்வதற்குக் காரணம் இருக்கிறது. ஏவுகணைச் சோதனை ஒரு நாட்டில், ஒரு இடத்தில் நடக்கிறது. அதைக் கட்டத்தில் வைக்க முடியும். ஒரு கணினியோ கடைசல் இயந்திரமோ நட்பு நாட்டில் செய்து, நட்பு நாட்டுத் தரகர் வாங்கி, மூன்றாவது நாட்டுத் துறைமுகத்தில் பெயர் மாறி, நான்காவது நாட்டில் இறங்குகிறது. இதை எந்தக் கட்டத்தில் போடுவது? நட்பு நாட்டுக் கம்பெனியை உளவு பார்ப்பதா என்ற சங்கடம் வேறு.

2021 அக்டோபரில் அப்போதைய தலைவர் வில்லியம் பர்ன்ஸ் சி.ஐ.ஏ.வில் சீனாவுக்குத் தனி மையமும், நாடு கடந்த பிரச்சினைகளுக்கும் தொழில்நுட்பத்துக்கும் சேர்த்து இன்னொரு மையமும் அறிவித்தார். நாற்பது ஆண்டுக்கு முன்பு, ரேகன் காலத்தில் செய்ததன் மறுபதிப்பு என்றே எனக்குப் படுகிறது. அப்போதும் தொழில்நுட்பக் கைமாற்றத்தை மதிப்பிட சி.ஐ.ஏ.வுக்குள் தனி மையம் தொடங்கினார்கள். அதை வேகப்படுத்தியவர் ஒரு ரஷ்யர்.

வண்டலூர் பிரபா

வெத்ரோவ் பற்றித்தானே சொல்கிறீர்கள்? கொஞ்சம் விரிவாக எழுதுங்கள். இங்கே பலருக்கு அந்தக் கதை தெரியாது.

கரிசல்மணி

எழுதுகிறேன். இதற்குள்ளேயே நம் கேள்விக்குப் பாதிப் பதில் இருக்கிறது.

விளாதிமிர் வெத்ரோவ் கே.ஜி.பி. அதிகாரி, படிப்பால் பொறியாளர். 1960களின் பிற்பாதியில் பாரிஸில் வேலை பார்த்தவர். பிறகு மாஸ்கோ தலைமையகத்தில் ‘டி’ இயக்குநரகம் என்ற பிரிவில் மேசை வேலை. மேற்கிலிருந்து தொழில்நுட்பத்தைக் கொண்டுவருவதுதான் அந்தப் பிரிவின் பணி. வெளிநாட்டுத் தூதரகங்களில் உட்கார்ந்திருந்த அதன் ஆட்களுக்கு ‘எக்ஸ்’ வரிசை என்று பெயர். வெளியிலிருந்து வரும் திருட்டுச் சரக்கு எல்லாம் வெத்ரோவ் இருந்த இடம் வழியாகத்தான் போயிற்று. தலைமை மேல் கசப்பு ஏற்பட்டு, 1981 தொடக்கத்தில் பிரெஞ்சுக்காரர்களைத் தேடிப் போனார்.

யாரிடம் போனார் என்பதுதான் விசேஷம். அவர் தொடர்பு கொண்டது டி.எஸ்.டி.யை. அது பிரான்ஸின் உள்நாட்டுப் பாதுகாப்பு அமைப்பு. வெளிநாட்டில் உளவு பார்ப்பது அதன் வேலையே இல்லை, மாஸ்கோவில் அதற்கு ஓர் ஆள்கூடக் கிடையாது. முதலில் ஒரு பிரெஞ்சு கம்பெனியின் மாஸ்கோ பிரதிநிதி காகிதங்களை வாங்கி வந்தார். அப்புறம் தூதரகத்தின் ராணுவ அதிகாரியும் அவர் மனைவியும் அந்த வேலையைப் பார்த்தார்கள். பயிற்சி பெற்ற உளவாளி ஒருவரும் இல்லை. கே.ஜி.பி. கண்கொத்திப் பாம்பாகக் கவனித்துக்கொண்டிருந்தது பயிற்சி பெற்றவர்களைத்தான், அதனால் இவர்கள் தப்பித்தார்கள்.

1981 ஜூலையில் ஒட்டாவா உச்சி மாநாட்டில் பிரெஞ்சு அதிபர் மித்தரான் இதை அமெரிக்க அதிபர் ரேகனிடம் சொன்னார். வந்து சேர்ந்தவை ஆயிரக்கணக்கான பக்கங்கள். மேற்கு நாடுகளில் இருந்த 200க்கும் மேற்பட்ட எக்ஸ் வரிசை அதிகாரிகளின் பெயர்கள் அதில் இருந்தன. எல்லாவற்றையும்விட முக்கியமாக, சோவியத் ராணுவத் தொழில் ஆணையத்தின் கொள்முதல் பட்டியல் இருந்தது. எந்த ஆலைக்கு எந்தக் கருவி வேண்டும், யார் கேட்டது, கிடைத்ததா இல்லையா என்று வரிசையாக. 1985இல் அமெரிக்க அரசு வெளியிட்ட அறிக்கை, ஆண்டுக்கு 3,500க்கும் மேற்பட்ட தேவைகள் அந்த ஆணையத்திலிருந்து கிளம்பின என்றும் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு நிறைவேறிவிட்டன என்றும் சொன்னது.

எதிரியின் பட்டியல் கையில் இருந்தால் எல்லாக் கதவையும் காவல் காக்க வேண்டியதில்லை. எந்தக் கதவுக்கு வருவான் என்று தெரியும். வெள்ளை மாளிகையில் இருந்த கஸ் வைஸ் இதைப் பிடித்துக்கொண்டார். எதை வாங்க வருகிறார்களோ அதில் பழுதை வைத்துக் கொடுத்தார்கள் என்று அவரே 1996இல் எழுதினார். சைபீரிய எரிவாயுக் குழாய் இதனால் வெடித்தது என்று பின்னால் ஒரு கதை பரவியது. அதைப் பல ரஷ்யர்களும் மேற்கத்திய ஆய்வாளர்களும் மறுத்திருக்கிறார்கள். நான் அதைக் கணக்கில் சேர்க்கவில்லை.

வெத்ரோவின் முடிவு கொடூரம். 1982 பிப்ரவரியில் தன் காதலியைக் கத்தியால் குத்தி, குறுக்கே வந்த ஒருவரைக் கொன்று சிறைக்குப் போனார். உளவு வேலை வெளியே தெரிந்தபின் மரண தண்டனை. 1983 ஏப்ரலில் பிரான்ஸ் 47 சோவியத் அதிகாரிகளை வெளியேற்றியது.

சக்கரை_கோவை

நான் சி.என்.சி. தொழிலில், அதாவது கணினிக் கட்டுப்பாட்டில் உலோகம் வெட்டும் இயந்திரத் தொழிலில், இருப்பவன். மணி சொன்ன பொறியாளர் விஷயத்துக்கு என் பக்கத்திலிருந்து ஒன்று சொல்லத் தோன்றுகிறது. தோஷிபா இயந்திர வழக்கு.

1981இல் ஜப்பானின் தோஷிபா மெஷின் கம்பெனி சோவியத்துக்கு நாலு பெரிய மில்லிங் இயந்திரங்கள் விற்க ஒப்பந்தம் போட்டது. மாடல் எம்.பி.பி.-110. ஒரே நேரத்தில் ஒன்பது அச்சுகளில் அசையக்கூடியது, ஏறக்குறைய மூன்று மாடி உயரம். கட்டுப்பாட்டுக் கருவி நார்வேயின் கோங்ஸ்பெர்க் கொடுத்தது. போய் இறங்கிய இடம் லெனின்கிராடின் பால்டிக் கப்பல் தளம். நீர்மூழ்கிக் கப்பலின் சுழல்விசிறியைக் கடைவதற்கு.

விசிறி இதழ் எந்த இடத்திலும் தட்டையாக இருக்காது. அடியிலிருந்து நுனி வரை கோணம் மாறிக்கொண்டே போகும், தடிமனும் மாறும். அச்சு குறைந்த இயந்திரத்தில் படிப்படியாக வெட்டி, மீதியைக் கையால் தேய்த்துத்தான் சரிசெய்ய வேண்டும். எவ்வளவு நல்ல கைக்காரராக இருந்தாலும் ஏழு இதழும் ஒரே மாதிரி வராது. சிறு மேடு பள்ளம் இருந்தால் தண்ணீரில் குமிழி கிளம்பும், குமிழி உடையும்போது சத்தம் வரும். அந்தச் சத்தத்தை வைத்துத்தான் அமெரிக்கக் கடற்படை சோவியத் கப்பல்களைப் பின்தொடர்ந்தது.

இப்போது உரிம விண்ணப்பத்துக்கு வருவோம். ஜப்பானிய வணிகத் துறையிடம் கொடுத்த காகிதத்தில் இரண்டு அச்சு செங்குத்துக் கடைசல் இயந்திரம் என்று எழுதியிருந்தார்கள். வேறு மாடல் எண். அது தடைப் பட்டியலில் இல்லை. மேசையில் இருந்தவர் முத்திரை குத்திவிட்டார். எங்கள் தொழிலில் ஒரு வருடம் இருந்த பையன்கூட, அனுப்பப்போகும் பெட்டிகளின் அளவையும் எடையையும் பார்த்திருந்தால் இது கடைசல் இயந்திரம் இல்லை என்று சொல்லியிருப்பான். பார்க்க ஆள் வைக்கவில்லை.

வெளியே வந்தது எப்படி? அந்த வியாபாரத்தில் இடைத்தரகு வேலை பார்த்த சிறிய வர்த்தகக் கம்பெனியின் ஊழியர் ஹிதோரி குமகாய் 1985 டிசம்பரில் பாரிஸுக்கு ஒரு கடிதம் எழுதினார்.

வண்டலூர் பிரபா

பாரிஸில் யாருக்கு?

சக்கரை_கோவை

கோகாம் என்ற குழுவுக்கு. 1949இல் மேற்கு நாடுகள் சேர்ந்து தொடங்கியது, எந்தப் பொருளைக் கம்யூனிஸ்ட் நாடுகளுக்கு விற்கக்கூடாது என்று பட்டியல் போடுவது அதன் வேலை. 1994இல் கலைத்துவிட்டார்கள். சின்னச் செயலகம்தான், சோதனை போட அதிகாரம் இல்லை, எல்லா நாடும் ஒத்துக்கொண்டால்தான் எதுவும் நடக்கும். கடிதம் வந்ததும் ஜப்பானிய அரசைக் கேட்டார்கள். ஜப்பானிய அரசு கம்பெனியைக் கேட்டது. கம்பெனி அப்படி எதுவும் இல்லை என்றது. கோப்பு மூடப்பட்டது! அமெரிக்கா தொடர்ந்து நெருக்கியபின் 1987 ஏப்ரலில்தான் ஜப்பானியப் போலீஸ் சோதனைக்குப் போனது. அந்தக் கோடையில் அமெரிக்க எம்.பி.க்கள் நாடாளுமன்றப் புல்வெளியில் தோஷிபா ரேடியோவைச் சம்மட்டியால் உடைத்த படத்தைப் பலர் பார்த்திருப்பீர்கள். தாய் நிறுவனத்தின் தலைவரும் பதவி விலகினார்.

இளவழகன்_தி

சக்கரை சார், வழக்கை நன்றாகச் சொன்னீர்கள். ஆனால் அந்த இயந்திரத்தால்தான் சோவியத் நீர்மூழ்கிகள் அமைதியாயின என்பதை நான் ஏற்க மாட்டேன். ஜான் வாக்கர் என்ற அமெரிக்கக் கடற்படைக்காரர் 1985இல் பிடிபடும் வரை பல ஆண்டுகள் ரகசியங்களை விற்றுக்கொண்டிருந்தார். தங்கள் கப்பல் சத்தம் கேட்கிறது என்பதைச் சோவியத் அவர் மூலம் தெரிந்துகொண்டு, 1970களிலேயே சரிசெய்ய ஆரம்பித்துவிட்டது. ஜப்பானோடு வர்த்தகச் சண்டை உச்சத்தில் இருந்த வருடம் அது. ரேடியோ உடைந்ததற்கு அதுவும் காரணம்.

எனக்கு இதைவிடப் பெரிய ஆட்சேபம் ஒன்று உண்டு. இந்த இழையில் எல்லோரும் கண்காணிப்பவன் நாற்காலியில் உட்கார்ந்து பேசுகிறீர்கள். நாம் கண்காணிக்கப்பட்ட பக்கம். 1991இல் இஸ்ரோ ரஷ்யாவின் விண்வெளி வணிக அமைப்பான கிளாவ்காஸ்மோஸுடன் கிரையோஜெனிக் எஞ்சினுக்கு, அதாவது கடுங்குளிரில் திரவமாக்கிய எரிபொருளில் ஓடும் ராக்கெட் எஞ்சினுக்கு, ஒப்பந்தம் போட்டது. 1992 மே மாதம் அமெரிக்கா இரண்டு அமைப்புகள் மீதும் தடை போட்டது. 1993இல் ரஷ்யா பணிந்து, எஞ்சின்களை மட்டும் தருவோம், செய்முறையைத் தரமாட்டோம் என்றது. திரவ ஹைட்ரஜன் எஞ்சினை நிரப்பி ஏவத் தயார் செய்யவே நாள்கணக்கில் ஆகும். அதை வைத்து யார் போர் ஏவுகணை செய்வார்கள்? ஆபத்தைப் பார்த்துப் பணத்தை ஒதுக்குகிறார்கள் என்பதை நான் நம்பவில்லை. சந்தையைப் பார்த்து ஒதுக்குகிறார்கள்.

கரிசல்மணி

இளவழகன், கிரையோஜெனிக் விஷயத்தில் உங்களோடு எனக்குச் சண்டை இல்லை. மகேந்திரகிரியில் சோதித்துச் சோதித்து, 2014 ஜனவரியில் நம் சொந்த எஞ்சினோடு ஜி.எஸ்.எல்.வி. வெற்றியாகப் பறக்க இருபது வருடம் போயிற்று. அந்த இருபது வருடத்தின் வலி திருநெல்வேலிப் பக்கம் இருப்பவர்களுக்கு நன்றாகத் தெரியும்.

ஆனால் அந்த ஒப்பந்தம் ரகசியமே இல்லை. இரண்டு அரசு அமைப்புகள் வெளிப்படையாகப் போட்டது. அதைக் கண்டுபிடிக்க ஒரு உளவாளியும் தேவைப்படவில்லை. அங்கே நடந்தது கொள்கை முடிவு. உளவுத் துறையின் வேலை மறைத்துச் செய்வதைக் கண்டுபிடிப்பது. சுலபமாகக் கண்ணில் படுவதன் மேல் அரசியல் சக்தி முழுவதையும் செலவழித்தால் மறைவாக நடப்பதற்கு ஆள் மிஞ்சாது. அமெரிக்கா இஸ்ரோவோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்த அதே ஆண்டுகளில் பாகிஸ்தானின் அணுகுண்டு விஞ்ஞானி அப்துல் கதீர் கான் அணு ஆயுதத் தொழில்நுட்பத்தை விற்கத் துபாய் வழியாகக் கடை விரித்துக்கொண்டிருந்தார்.

துறைமுகன்

கான் பேச்சு வந்ததால் உள்ளே வருகிறேன். சரக்கு அனுப்பும் ஏஜென்சியில் வேலை. எங்கள் மேசைக்கு வருவது இன்வாய்ஸ், பேக்கிங் லிஸ்ட், பில் ஆஃப் லேடிங் என்ற கப்பல் ரசீது, சரக்கு வகையைச் சொல்லும் எச்.எஸ். குறியீடு. பொருளை நாங்கள் பார்ப்பதில்லை. சுங்கத்தாரும் பெரும்பாலான பெட்டிகளைத் திறப்பதில்லை. “மெஷின் பார்ட்ஸ்” என்று இருந்தால் அது ரைஸ் மில்லுக்கா, யுரேனியம் செறிவூட்டும் ஆலைக்கா என்று காகிதத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது. துறைமுகத்தில் எவ்வளவு ஆளைக் குவித்தாலும் இதுதான் நிலை.

அமெரிக்கா 1981 அக்டோபரில் எக்ஸோடஸ் என்ற பெயரில் சுங்கத் துறையை முடுக்கி, ஏற்றுமதிப் பெட்டிகளைப் பிடிக்க ஆரம்பித்தது. நிறையப் பெட்டிகள் மாட்டின, ஆனால் அதில் எத்தனை நிஜமாகவே ஆபத்தானவை என்று அப்போதே கேள்வி கேட்டார்கள். பிடித்ததில் எல்லோரும் சொல்லிக்காட்டுவது 1983 நவம்பர் சம்பவம். டிஜிட்டல் கம்பெனியின் வாக்ஸ் 11/782 கணினி அமெரிக்காவிலிருந்து தென்னாப்பிரிக்கா போய், அங்கிருந்து கிளம்பி, சோவியத்துக்குப் போகும் வழியில் ஹாம்பர்க்கிலும் சுவீடனிலும் மாட்டியது. குறிப்பிட்ட கப்பலைப் பார், குறிப்பிட்ட பெட்டியைப் பார் என்று தகவல் கொடுத்திருந்தால்தான் இப்படிப் பிடிக்க முடியும்.

2003இல் பிபிசி சைனா என்ற ஜெர்மன் கப்பலும் அப்படித்தான். மலேசியாவில் செய்த, யுரேனியம் செறிவூட்டும் மையவிலக்கு இயந்திரத்தின் பாகங்கள், துபாய் வழியாக லிபியாவுக்கு. நடுவில் கப்பலை இத்தாலியின் தரந்தோ துறைமுகத்துக்குத் திருப்பி ஐந்து பெட்டிகளை இறக்கினார்கள். மலேசியாவின் ஷா ஆலமில் அந்தப் பாகங்களைக் கடைந்த தொழிலாளர்களுக்கு எண்ணெய், எரிவாயுத் தொழிலுக்கு என்றுதான் சொல்லப்பட்டிருந்தது.

கரிசல்மணி

துறைமுகன் சொன்னதோடு சேர்க்க வேண்டியது ஒன்று இருக்கிறது, எனக்கு இதில் பதில் தெரியாத பகுதி அது.

கான் 1972 முதல் ஆம்ஸ்டர்டாமில் வேலை பார்த்து, 1975 டிசம்பரில் மையவிலக்கு வரைபடங்களோடு பாகிஸ்தான் திரும்பினார். நெதர்லாந்து அதிகாரிகளுக்குச் சந்தேகம் இருந்தது. கைது செய்ய நினைத்தோம், விட்டுவிடுங்கள், பின்தொடர்ந்து பார்க்கிறோம் என்று சி.ஐ.ஏ. கேட்டுக்கொண்டது என்று முன்னாள் பிரதமர் ரூட் லுபர்ஸ் 2005இல் சொன்னார். பின்தொடர்ந்தார்கள். 2004இல் அப்போதைய சி.ஐ.ஏ. தலைவர் ஜார்ஜ் டெனட் அந்த வலைக்குள் நாங்கள் ஊடுருவியிருந்தோம் என்று பெருமையாகப் பேசினார். ஊடுருவல் உண்மை, பிபிசி சைனா அதன் பலன். ஆனால் இடையில் 28 ஆண்டுகள். பாகிஸ்தானுக்கு அணுகுண்டு வந்தது, ஈரானுக்கும் வட கொரியாவுக்கும் செய்முறை போனது.

பார்த்துக்கொண்டே இருந்தால் வலை முழுவதும் தெரியும், பிடித்தால் ஒரு பெட்டி கிடைக்கும். உளவு அமைப்பு முதலாவதைத்தான் விரும்பும், சுங்கமும் போலீசும் இரண்டாவதை. ஆதாரம் திரட்ட ஒதுக்கும் பணம், எப்போது நிறுத்துவது என்று முடிவெடுக்கும் இடத்துக்கு ஒதுக்கப்படுவதில்லை. எந்த அமைப்பின் விளக்கப்படத்திலும் அப்படி ஓர் இடத்தை நான் பார்த்ததில்லை.

மீனலோசனி

நான் அமெரிக்காவில் ஒரு பல்கலைக்கழக ஆய்வகத்தில் பொருளறிவியல் ஆராய்ச்சியில் இருக்கிறேன். பெயர் வேண்டாம். ஆளை எங்கே போடுகிறார்கள் என்று கேட்டால், சில ஆண்டுகள் எங்கள் மேல்தான் போட்டார்கள்.

2018 நவம்பரில் அமெரிக்க நீதித்துறை சைனா இனிஷியேட்டிவ் என்று ஒன்றைத் தொடங்கியது. தொழில்நுட்பத் திருட்டைப் பிடிப்பது நோக்கம். நடந்தது வேறு. பேராசிரியர்கள் மேல் போடப்பட்ட வழக்குகளில் பெரும்பான்மை, மானிய விண்ணப்பத்தில் சீனத் தொடர்பை எழுதாமல் விட்டார்கள் என்பது. டென்னசியில் அன்மிங் ஹு மேல் போட்ட வழக்கு 2021 செப்டம்பரில் விடுதலையில் முடிந்தது. எம்.ஐ.டி.யின் காங் சென் மேல் போட்ட வழக்கை 2022 ஜனவரியில் அரசே திரும்பப் பெற்றது. பிப்ரவரியில் அந்தத் திட்டப் பெயரையே கைவிட்டார்கள். அதற்குள் எங்கள் தளத்தில் இரண்டு சீன ஆய்வாளர்கள் வேலையை விட்டு ஊருக்குப் போய்விட்டார்கள். தங்கள் அறிவோடு! எதைத் தடுக்க நினைத்தார்களோ அதையே செய்து கொடுத்தார்கள்.

இது தெரியாமல் நடந்ததும் இல்லை. 1982இலேயே அமெரிக்க தேசிய அறிவியல் கழகம், கார்னெல் பல்கலையின் முன்னாள் தலைவர் டேல் கார்சன் தலைமையில் குழு போட்டு ஆராய்ந்தது. பல்கலைக்கழகத்தின் திறந்த ஆராய்ச்சி வழியாகப் போகும் கசிவு மொத்தத்தில் சிறு பகுதிதான் என்றார்கள். 1985இல் ரேகனே அடிப்படை ஆராய்ச்சிக்குக் கட்டுப்பாடு வேண்டாம் என்று உத்தரவு போட்டார். அது எழுத்தில் இருக்கும்போதே இத்தனையும் நடந்தது.

ஏன் எங்களிடம் வந்தார்கள்? நாங்கள் கிடைக்கும் இடத்தில் இருக்கிறோம். மின்னஞ்சல், மானியக் கோப்பு, பயணக் கணக்கு எல்லாம் பல்கலைக்கழகத்தில் வரிசையாக இருக்கிறது. ஒரு வழக்கறிஞர் உட்கார்ந்த இடத்திலிருந்தே வழக்கு தயாரிக்கலாம். துபாய் தரகரைப் பிடிப்பது அப்படி இல்லை. வழக்கு எண்ணிக்கையை வைத்து வேலையை அளந்தால் ஆட்கள் சுலபமான பக்கம்தான் சாய்வார்கள்.

இளவழகன்_தி

மீனா, அப்படியென்றால் சீனா திருடவில்லை என்கிறீர்களா?

மீனலோசனி

அப்படிச் சொல்லவே இல்லை. ஷு யான்ஜுன் என்ற சீன உளவு அதிகாரி அமெரிக்காவின் ஜி.ஈ. கம்பெனியின் விமான எஞ்சின் பொறியாளர் ஒருவரை உரை நிகழ்த்த நான்ஜிங்குக்கு அழைத்தார். கார்பன் கூட்டுப்பொருளால் செய்த விசிறி இதழ்தான் குறி. எஃப்.பி.ஐ. கம்பெனியோடு சேர்ந்து வேலை செய்தது, அந்தப் பொறியாளரும் ஒத்துழைத்தார். ஷுவை 2018 ஏப்ரலில் பெல்ஜியத்துக்கு வரவைத்துக் கைது செய்தார்கள். 2022இல் 20 ஆண்டு சிறை. திருடச் சொன்ன அதிகாரியே நீதிமன்றத்தில் நின்றார். எங்கள் துறைக்காரி என்ற முறையில் சொல்கிறேன், அந்த இதழின் அடுக்கு முறை நிஜமாகவே காப்பாற்ற வேண்டிய ரகசியம். இந்த மாதிரி வழக்குக்கு எத்தனை பேரை ஒதுக்கினாலும் எனக்கு ஆட்சேபம் இல்லை.

துறைமுகன்

இதில் இன்னொரு பக்கமும் பாருங்கள். பொருள் போய்ச் சேர்ந்தபின், சொன்ன இடத்தில்தான் இருக்கிறதா என்று யார் போய்ப் பார்க்கிறார்கள்? அமெரிக்காவில் அது வணிகத் துறைக்குள் இருக்கும் ஏற்றுமதிக் கட்டுப்பாட்டு அலுவலகத்தின் வேலை. வெளிநாட்டில் நிரந்தரமாக வைத்திருந்த அவர்கள் ஆட்கள் பல ஆண்டுகள் பத்துச் சொச்சம்தான். எங்கள் தொழில் வட்டாரத்தில் நன்றாகத் தெரிந்த விஷயம், தென்கிழக்கு ஆசியா முழுவதற்கும் ஆஸ்திரேலியப் பகுதிக்கும் சேர்த்துப் பல ஆண்டுகள் ஒரே ஓர் அலுவலர்தான் பொறுப்பாக இருந்தார். சிங்கப்பூர், மலேசியா, வியட்நாம், தாய்லாந்து எல்லாம் அதில் அடக்கம்.

கரிசல்மணி

இந்த எண்ணைத்தான் யாராவது போடுவார்கள் என்று காத்திருந்தேன். 2023 நிதியாண்டில் அந்த அலுவலகத்தின் மொத்த பட்ஜெட் சுமார் 19.1 கோடி டாலர். அதே ஆண்டு தேசிய உளவுத் திட்டத்துக்கு 7,170 கோடி டாலர், ராணுவ உளவு தனி. 2022 அக்டோபர் 7 அன்று சீனாவுக்கு உயர்ரக சிப்புகளைத் தடை செய்தார்கள். மிகப் பெரிய தொழில்நுட்பத் தடை. அதை நடைமுறைப்படுத்த வேண்டியவர்களிடம் இருந்தது இவ்வளவுதான்.

அவர்கள் உளவு அமைப்பு இல்லையே என்று யாராவது சொல்லலாம். உண்மை, ஆனால் உளவு அமைப்பு சேகரிக்கும் தகவல் கடைசியில் அந்த மேசைக்குத்தான் வர வேண்டும். அங்கே படிக்க ஆள் இல்லையென்றால் சேகரித்தது கோப்பில் தூங்கும். குமகாயின் கடிதத்துக்கு பாரிஸில் நடந்ததும் இதுதான்.

நான் ஒதுக்க வேண்டும் என்றால், உரிம மேசைக்கும் உளவு அமைப்பின் ஆய்வுப் பிரிவுக்கும் இடையே ஆட்களை மாற்றி மாற்றி அனுப்புவேன். இயந்திரம் தெரிந்தவர்கள், சீனமும் ரஷ்யமும் வாசிக்கத் தெரிந்தவர்கள். தடைப் பட்டியலைப் பாதியாகக் குறைப்பேன். 1987இல் லூ ஆலன் தலைமையிலான குழு, ஏற்றுமதிக் கட்டுப்பாடுகளால் 1985இல் அமெரிக்கப் பொருளாதாரத்துக்கு 930 கோடி டாலரும் 1,88,000 வேலைகளும் இழப்பு என்று கணக்குப் போட்டது. நீளமான பட்டியல் காவல்காரர்களையும் களைப்பாக்கும், வியாபாரத்தையும் கெடுக்கும்.

இளவழகன்_தி

பட்டியலைக் குறைப்பேன் என்றதற்கு என் முழு ஆதரவு. அந்தக் குறைந்த பட்டியலில் எதை வைப்பது என்று முடிவு செய்யும் மேசையில் வாங்கும் நாடுகளும் உட்கார வேண்டும் என்பேன். கோகாமுக்குப் பின் வந்த, ஏற்றுமதிக் கட்டுப்பாட்டுப் பட்டியல் போடும் வாஸெனார் ஏற்பாட்டில் 2017 டிசம்பரில்தான் இந்தியாவைச் சேர்த்தார்கள். அதுவரை நம் மேல் விழுந்த விதிகளை எழுதும்போது நம்மை யாரும் கேட்கவில்லை.

வண்டலூர் பிரபா

சக்கரை சார், ஒரு சந்தேகம். சிப்புக்குள்ளேயே இருக்குமிடத்தைக் காட்டும் வசதி வைக்க வேண்டும் என்று 2025 மே மாதம் அமெரிக்க செனட்டில் மசோதா கொண்டுவந்தார்களே. அது வந்துவிட்டால் இத்தனை ஆள் தேவைப்படாதா?

சக்கரை_கோவை

பிரபா, எங்கள் தொழிலில் அதற்கு முன்னோடி ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கிறது. ஐந்து அச்சு இயந்திரங்களில் பலவற்றில் இடமாற்றத்தைக் கண்டறியும் கருவி வைத்துத்தான் அனுப்புகிறார்கள். இயந்திரத்தைப் பெயர்த்து வேறு இடத்துக்குக் கொண்டுபோனால் பூட்டிக்கொள்ளும். கோவையில் ஒரு பட்டறைக்காரர் பக்கத்து ஷெட்டுக்கு மாற்றினார், அவ்வளவுதான். மறுநாள் சுவிட்ச் போட்டால் திரையில் ஒரு எச்சரிக்கை, ஸ்பிண்டில் சுற்றவில்லை. விற்பனையாளருக்குப் போன் போட்டு, புது முகவரிக்குக் காகிதம் எழுதிக் கொடுத்து, சர்வீஸ் ஆள் நேரில் வந்து இயந்திரத்தின் எண்ணைச் சரிபார்த்து, அப்புறம்தான் திறப்புக் குறியீடு கிடைத்தது. நாலு நாள் உற்பத்தி போயிற்று. அவர் கோபப்பட்டார், ஆனால் ஏற்பாடு வேலை செய்கிறது என்பதை நான் பார்த்தேன்.

வேலை செய்ததற்குக் காரணம் அந்த சர்வீஸ் ஆள். இயந்திரம் நகர்ந்தது என்று மட்டும்தான் கருவிக்குத் தெரியும். எங்கே, ஏன், யாரிடம் என்பதை ஒரு மனிதர் வந்துதான் பார்க்க வேண்டியிருந்தது. இயந்திரத்துக்கு அடிக்கடி பழுது வரும், சர்வீஸுக்கு எப்படியும் ஆள் போக வேண்டும், அதனால் கம்பெனியிடம் ஊர் ஊராக ஆள் இருக்கிறது. சிப்புக்கு சர்வீஸ் கிடையாது. மலேசியாவில் இருப்பதாகச் சொன்ன சிப் வேறு நாட்டில் இருப்பதாகக் கருவி காட்டினால், துறைமுகன் சொன்ன அந்த ஒரே அலுவலர்தான் கிளம்பிப் போக வேண்டும்.